ஒரு குண்டூசி குறைகிறது

கோட்டின் இடது தோளில் இன்னும் ஒரு குண்டூசி குத்தினால் வேலை முடிந்தது. அதை எடுக்கத் தையல் மாஸ்டர் உதட்டுக்குக் கையைக் கொண்டுபோனார். உதட்டில் ஊசி இல்லை.

இருந்தது. சற்று முன்புவரை ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் மாஸ்டர் முழிப்பார். ஆனால் உதட்டில் எத்தனை ஊசி மிச்சம் என்பதில் அவருக்கு ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தவர் வாடகைக் கார் டிரைவர். நாற்பதைத் தாண்டி, இனி இவனுக்கு எவள் வருவாள் என்று சொந்தக்காரர்கள் கைகழுவிவிட்ட பிறகு கல்யாணம் கூடி வந்திருந்தது. கோட்டு கெட்டால் கல்யாணமே கெட்டுவிடும் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன மாஸ்டர், முடிஞ்சுதா? கழட்டலாமா?”

“கழட்டாத. கழட்டினா அளவு மொத்தமும் போயிடும். அப்படியே நில்லு.”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். டிரைவரின் செருப்பைப் பார்த்தார். குனிந்து, வெட்டு மேசைக்குக் கீழே பார்த்தார்.

அங்கே பட்டன் உட்கார்ந்திருந்தான்.

பட்டன் என்பது மாஸ்டரின் மகன். பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வயது. நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், நூல்கண்டை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வழியனுப்பத் தெரியும். பேச மட்டும் தெரியாது.

இப்போது அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வாயின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாக இழுத்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

“ம்ம்ம், ம்ம்,” என்றான். கடைசி ம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நின்றது.

மாஸ்டருக்கு ஈரக்குலை நடுங்கியது. வாயில் எதையோ ஒளித்துவைத்திருக்கிற பிள்ளையின் முகம் வேறு எப்படி இருக்கும்?

இந்த நடுக்கம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். பாதி பிள்ளைக்காக. மீதி பிள்ளையின் அம்மாவுக்காக.

அவள் ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று அவள் சொன்னால் அரை மைல் தூரத்தில் படுத்திருக்கிற நாய்க்கும் புரியும். ல, ள, ழ மூன்றையும் மூன்று தனி வீட்டில் குடிவைத்ததுபோல உச்சரிப்பாள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை இன்றுவரை அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வேலை செய்கிற இடத்தில், உங்க வீட்டு வண்டி எவ்வளவு லேட்டு என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுவாள்.

பிள்ளையை ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். காது நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். பிள்ளைகள் காதால் மட்டும் பேச்சைப் படிப்பதில்லை, கண்ணாலும்தான். பேசுகிறவர் வாயையே பார்க்கும், உதடு எங்கே சேருகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்து, தானும் அப்படியே செய்து பார்க்கும். அதனால் முகத்துக்கு நேராக உட்காரவைத்து நாள் முழுக்கப் பேசுங்கள் என்றார். மாஸ்டருக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை குறைவு. பேசு என்று சொல்வதற்கு ஒரு படிப்பா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஆனால் பகலில் பிள்ளை இருப்பது கடையில், அப்பாவிடம். ஆகவே பேசுகிற வேலை அவர் தலையில் விழுந்தது.

கூடவே இன்னொரு உத்தரவும் விழுந்தது. பிள்ளை தவழ ஆரம்பித்தபோதே போட்ட உத்தரவுதான், அன்றைக்கு அவன் அம்மா மறுபடியும் போட்டாள். “பேசுங்க, ஆனா வாயில ஊசி இருக்கக் கூடாது. உங்களைப் பாத்து அவனும் எடுத்து வாயில வச்சான்னா அவ்வளவுதான். எல்லா ஊசியும் குத்தி வைக்கிற பஞ்சுலதான் இருக்கணும். சத்தியம் பண்ணுங்க.”

மாஸ்டர் சத்தியம் பண்ணினார். முதல் உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றினார். விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை பிள்ளையிடம் பேசினார், வருகிற வாடிக்கையாளரிடம் பேசினார். இரண்டாவதை ஒரே ஒரு காலைப்பொழுது முயன்று பார்த்தார். இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் ஊசிக்காக மேசைக்குப் போய்வந்தால் பிடித்த மடிப்பு என்னாகும்? ஊசி திரும்பவும் உதட்டுக்கே வந்துவிட்டது. ஊசியோடு அவர் பேசுவதைப் புது ஆள் கேட்டால் பல்வலியில் முனகுகிறார் என்று பரிதாபப்படுவான். பழகினவர்களுக்கு எல்லாம் புரியும். கையைத் தூக்கு என்றால் தூக்குவார்கள், திரும்பு என்றால் திரும்புவார்கள், தொப்பையை உள்ளே இழு என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

அதனால்தான் நடுக்கம்.

“தங்கம், ஆ காட்டு,” என்றார் மாஸ்டர். தானே வாயை அகலத் திறந்து காட்டினார்.

பட்டன் அந்த வாயைக் கவனமாகப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தன் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“ம்ம்ம், ம்ம்.”

மாஸ்டர் விரலை விட்டுத் திறக்கப் பார்த்தார். பால்பல் என்று சிரிக்கிறார்கள். கடி வாங்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். டிரைவர் கோட்டுக்குள் இருந்தபடியே, பிஸ்கட் கொடுங்க மாஸ்டர், திறந்துதானே ஆகணும் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனையாகப் பட்டது. மாஸ்டர் பிஸ்கட்டை நீட்டினார். பட்டன் வாயைத் திறந்தான், முழு பிஸ்கட்டையும் உள்ளே தள்ளினான், மென்றான், விழுங்கினான். இன்னொன்று வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தான்.

மாஸ்டர் குனிந்து, டிரைவர் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க, அந்த வாயின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஊசி இல்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயில் இருந்திருந்தால் எடுத்திருக்கலாம். இப்போது பிஸ்கட்டோடு சேர்த்து உள்ளே அனுப்பியாகிவிட்டது. அதுவும் தன் கையாலேயே.

டிரைவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. அது வந்தால் மனுஷனுக்கு யோசனையும் கூடவே வரும். தலைகீழாகப் பிடித்தால் வெளியே வந்துவிடும் என்றார். இருவரும் சேர்ந்து பட்டனைக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். பட்டனுக்கு ஒரே குஷி, கக்கக்க என்று சிரித்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு பொத்தானும் ஒரு சாக்குக்கட்டியும் விழுந்தன. ஊசி விழவில்லை. தலைகீழாகத் தொங்கின ஊசி இப்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ என்று நினைத்ததும் மாஸ்டருக்குத் தொண்டையில் குத்தியது. அவசரமாகப் பிள்ளையை நேராக்கினார்.

அப்போதுதான் காந்தத்தின் ஞாபகம் வந்தது. தரையில் சிதறும் ஊசிகளைப் பொறுக்குவதற்கு வைத்திருந்த பெரிய காந்தம். பட்டனை இடது கையால் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வலது கையில் காந்தத்தை எடுத்து, நெஞ்சிலிருந்து மெல்லக் கீழே நகர்த்தினார். நெஞ்சில் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குழியில் ஒன்றும் இல்லை. வயிற்றுக்கு வந்ததும், சுண்டி இழுத்ததுபோலக் காந்தம் ஒரு வெட்டு வெட்டியது.

மாஸ்டரும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இருக்கு மாஸ்டர்,” என்றார் டிரைவர் ரகசியக் குரலில். “உள்ளதான் இருக்கு.”

“வண்டிய எடு.”

“கோட்டு?”

“அதோடயே ஓட்டு. கழட்டின, கொன்னுடுவேன்.”

பிள்ளை வயிற்றில் ஊசி இருக்கும்போதும் தையல்காரன் தையல்காரன்தான்.

காரில் பின் சீட்டில் மாஸ்டர் பட்டனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவருடைய வயிற்றுக்குள்தான் ஊசி புரண்டது. முன்னால் டிரைவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் வலது அக்குளில் குத்தியது, இடது பக்கம் திருப்பினால் முதுகில் குத்தியது. நேராகப் போகிற தெருவாகப் பார்த்துப் பார்த்துப் போனார், அதனால் வழி சுற்றாகிவிட்டது.

பட்டன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். சீட்டுக்கு மேலே தலையை நீட்டி, டிரைவரின் பிடரியைப் பார்த்து, “ம்ம்ம், ம்ம்,” என்றான்.

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கார் ஒரு தள்ளுவண்டியை முத்தமிடப் போய், கடைசி நேரத்தில் மனம் மாறி விலகியது.

மாஸ்டர் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார். ஏன் கையை எடுத்தாய் என்று கேட்டதற்கு டிரைவருக்கே பதில் தெரியவில்லை. ஊசி குத்தியிருக்கும் என்றார்.

மருத்துவமனை ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்தது. அது போதாதென்று நிலையத்தின் ஒலிபெருக்கி ஒன்று அந்தப் பக்கம் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தது. மாஸ்டர் பிள்ளையோடு காரைவிட்டு இறங்கிய அதே நேரம் அவருடைய மனைவி வானத்திலிருந்து பேசினாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

மாஸ்டருக்குக் கால் நகரவில்லை. அவர் செய்த காரியம் தெரிந்து, ஊருக்கே மைக்கில் சொல்லப்போகிறாள் என்று தோன்றிவிட்டது. நல்லவேளையாக, ஏதோ ஒரு வண்டி தாமதமாக வருகிறது என்றுதான் சொன்னாள். வருந்துவதாகவும் சொன்னாள். வீட்டில் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

பட்டன் ஒலிபெருக்கியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் இல்லாத குரலில் அவனுக்கு என்ன இருக்கிறது?

உள்ளே இருந்தது ஒரு இளம் லேடி டாக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார். மாஸ்டர் தரையில் கிடந்த ஊசி என்றார். தரையில் ஏன் கிடந்தது என்றார் டாக்டர். ஊசி என்றால் விழத்தானே செய்யும் என்றார் மாஸ்டர். டாக்டர் அவரையும், பின்னால் கையை அகட்டிக்கொண்டு காவல் பொம்மைபோல நின்ற கோட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைப் பட்டன் நெஞ்சில் வைத்தார்.

“ம்ம்ம், ம்ம்,” என்றான் பட்டன், டாக்டர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் கண்டிப்பாகவே.

“ஏன் இப்படி முனகுறான்? வலிக்குதா?”

இந்த ஒரு கேள்வி போதும், மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வலியைச் சொல்லக்கூட ஒரு வார்த்தை தெரியாத பிள்ளை. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், பாவி அப்பனுக்குப் புரியவில்லை.

எக்ஸ்ரே அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. எக்ஸ்ரேக்காரர் பேசுவதில் சிக்கனக்காரர். பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொன்னார், மாஸ்டருக்கு ஒரு கனத்த ரப்பர் மேலங்கியை மாட்டிவிட்டார், பிள்ளை அசையாமல் கையைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். ஒரு உறுமல் கேட்டது. முடிந்தது.

படம் வந்தது. பிள்ளையின் வயிற்றுக்கு நடுவில், குறுக்கே, குண்டுத் தலையோடு ஒரு ஊசி வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

சந்தேகம் என்பது ஒரு வகையில் ஆறுதல். அதுவும் போய்விட்டது. மாஸ்டர் அந்தப் படத்தையே பார்த்தார். அந்த ஊசியை அவருக்குத் தெரியும். அவருடைய உதட்டில் பிறந்து வளர்ந்த ஊசி. அது இப்போது பட்டனுக்குள் படுத்திருக்கிறது, பட்டனோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு இந்தக் கை விளையாடுமா என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கலாம், மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், அம்மாவும் வந்து சம்மதம் சொல்லட்டும், கூப்பிடுங்கள் என்றார்.

“அவ... அவளுக்கு வேலை இருக்கு,” என்றார் மாஸ்டர்.

இதைவிட என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். நம்பர் ஞாபகம் இல்லை என்றார் மாஸ்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ், தையல் மாஸ்டர் வீட்ல ஸ்டேஷன்ல பேசுற அக்காதானே, நான் தினமும் ரயில்லதான் வர்றேன், நானே போன் பண்றேன் என்று எழுந்து போய்விட்டாள். உதவி செய்கிறவர்கள் எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் கிடைப்பார்கள்.

மாஸ்டர் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். வெளியே மனைவியின் குரல் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. “இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடையிலிருந்து...”

நின்றுவிட்டது.

மூன்றாவது நடைமேடையிலிருந்து எது, எங்கே என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மாஸ்டர் தன் வாழ்க்கையில் அவ்வளவு பயங்கரமான மௌனத்தைக் கேட்டதில்லை.

“வர்றாங்க,” என்றார் டிரைவர்.

“நீ ஒண்ணும் பேசக் கூடாது. ஊசி பஞ்சுல இருந்துச்சு, கீழ விழுந்துச்சு. அவ்வளவுதான். வாயிலன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கோட்டுக்குக் கை வைக்க மாட்டேன்.”

டிரைவர் தலையாட்டினார். தலையாட்டினதில் கழுத்தில் குத்தியது.

இதற்குள் எக்ஸ்ரேக்காரர், ஊசி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிய இன்னொரு படம் வேண்டும், பக்கவாட்டில் எடுக்கணும், பிள்ளையைக் கொண்டுவாங்க என்று கூப்பிட்டார். மாஸ்டர் பிள்ளையோடு எழுந்தார், உட்கார்ந்துவிட்டார். டிரைவர், விடுங்க மாஸ்டர், நான் பிடிச்சுக்கிறேன் என்று பட்டனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கோட்டுக்கு மேலேயே ரப்பர் அங்கியை மாட்டினார்கள். கை இரண்டும் வெளியே இருந்தன. உறுமல் கேட்டது.

படத்தைப் பார்த்த டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

“எத்தனை ஊசிய்யா முழுங்கினான்?”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். படம் முழுக்க ஊசி. வயிற்றில் ஊசி, நெஞ்சில் ஊசி, பிள்ளையைச் சுற்றிலும் ஊசி. மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேசைக்கு அடியில் அவன் உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும் ஒவ்வொன்றாக எடுத்து... ஊசிப் பெட்டியை மூடினோமா? பெட்டியைப் பார்த்தோமா? ஒன்று என்று நினைத்ததே தப்பா?

நர்ஸ் ஓடினாள். பெரிய டாக்டரைக் கூப்பிட யாரோ ஓடினார்கள். சக்கரக் கட்டில் ஒன்று வந்து நின்றது. அதன்மேல் யாரைப் படுக்கவைப்பது என்று தெரியாமல் முதலில் மாஸ்டரை உட்காரவைத்தார்கள்.

எக்ஸ்ரேக்காரர் மட்டும் படத்தைக் கையில் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழுங்குற பிள்ளை இவ்வளவு வரிசையாவா முழுங்கும்?” என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். ஊசிகள் சம இடைவெளியில், ஒரு வளைவு பிசகாமல், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து தோளுக்கும் அழகாகப் போயின. எக்ஸ்ரேக்காரர் எழுந்துபோய் டிரைவரின் கோட்டுக் கையைத் தடவினார். அவர் விரலிலும் குத்தியது.

டிரைவர் தலைகுனிந்து நின்றார். “மாஸ்டர்தான் கழட்டக் கூடாதுன்னாரு.”

எக்ஸ்ரேக்காரர் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் கேட்ட அதே செருப்பு.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பட்டனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. ஊருக்கே கேட்கிற குரல் இப்போது அவருக்கு மட்டும் கேட்டது.

“வாயில வச்சிருந்தீங்களா?”

“இல்லம்மா. சத்தியமா. பஞ்சுலதான் இருந்துச்சு. கேளு, இவரையே கேளு.”

டிரைவர் கூரையைப் பார்த்தார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை, அழவும் இல்லை. பிள்ளையை நானே பிடிக்கிறேன், இன்னொரு படம் எடுங்கள் என்றாள். எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு பலகை தொங்கியது. யாரும் படிக்காத பலகை. அவள் மட்டும் நின்று, தொழில் பழக்கத்தில், திருத்தமாக, வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தாள். “குழந்தையைப் பிடித்திருப்பவர் தம் உடலிலுள்ள உலோகப் பொருள்கள் அனைத்தையும் கழற்றிவிடவும்.” வளையலைக் கழற்றினாள், கடிகாரத்தைக் கழற்றினாள், கூந்தலில் இருந்த கிளிப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள்.

மாஸ்டர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் இடது கையைப் பார்த்தார்.

சட்டைக் கையின் மடிப்பில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு குண்டூசி குத்தியிருந்தது. டிரைவருக்குத் தோள் மடிப்பைப் பிடிக்கும்போது உதட்டிலிருந்து எடுத்து, ஒரு நொடி இருக்கட்டும் என்று கையில் குத்திவைத்த ஊசி. காந்தத்தைச் சுண்டியது அது. படத்தில் வயிற்றுக்குக் குறுக்கே படுத்திருந்தது அது.

மூன்றாவது படம் வந்தது. விலா எலும்புகள் இருந்தன. பிஸ்கட்டின் நிழல்கூட இருந்தது என்று டாக்டர் சொன்னார், அதை நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். ஊசி இல்லை. ஒன்றுகூட இல்லை.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் டிரைவரும் அழுதார். நர்ஸ் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

அழுது முடிந்ததும் மாஸ்டருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இடது கையை நீட்டி, ஊசியை மனைவியிடம் காட்டினார்.

“பாத்தியா? சட்டையிலதான் இருந்திருக்கு. வாயில வைக்கிறவனா இருந்தா சட்டையில ஏன் குத்திக்கிறேன்? நீதான் நம்பவே மாட்டேங்குற.”

அவள் ஊசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் முகம் இளகிப்போனது. “தப்பா நினைச்சுட்டேங்க. பயத்துல கேட்டுட்டேன்,” என்றாள்.

மாஸ்டர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். காலையிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. பிள்ளையும் பிழைத்தான், அப்பனும் பிழைத்தான்.

டாக்டர் சிரித்துக்கொண்டே பட்டனின் கன்னத்தைத் தட்டினார். என்னவெல்லாம் பேசுவான் என்று பொதுவாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதுவரை ஒரு வார்த்தை இல்லை டாக்டர் என்றாள். இவர் பாவம், நாள் முழுக்க அவன் முகத்துக்கு நேரா உட்கார்ந்து பேசிக்கிட்டேதான் இருக்கிறார், என்ன குறையோ தெரியவில்லை, பெரிய இடத்தில் காட்ட வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அந்தப் பயம் ஊசிப் பயத்தைவிடப் பழசு. கணவரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பட்டன் அம்மாவின் மடியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரே சுவரோரம் நின்ற கோட்டை மேலும் கீழுமாகப் பார்த்தான். உதட்டை இறுக்கி மூடினான், ஒரு ஓரத்தை லேசாக இழுத்தான்.

“ம்ம்ம், ம்ம்.”

டிரைவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

எக்ஸ்ரேக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஏன் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“குழந்தைதானே டாக்டர் கையைத் தூக்குன்னு சொன்னான்?” என்றார் டிரைவர், கையை இறக்காமலே. “கடையில மாஸ்டர் வாய் நிறைய ஊசிய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்வாரோ, அச்சு அசல் அப்படியே.”